தள்ளி நில்

செக்கானூரணி முக்கில்
என் கடைக்கு வந்து சேரும் வயர்
பதினொன்றே காலுக்குச் செத்தது.
ரௌட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு,
சிமிட்டக்கூட இல்லை.

"குழாய் பதிக்கிறோம்னு
வெட்டிப்புட்டாய்ங்கக்கா" என்று
வடைக்கடைப் பையன் வந்து சொல்லும்போது
உள்ளே நாலு பேர்.
பட்டாவில் அப்பன் பெயர் தப்பாகிப்போன ஒச்சம்மா.
பிள்ளைக்கு இன்னும் பெயர் முடிவாகாமலே
சான்றிதழுக்கு வந்துவிட்ட புருஷன் பொஞ்சாதி.
காவலர் தேர்வுக்குத் தவமணி:
இன்றைக்குக் கடைசி நாள்,
கையெழுத்துப் படம் மட்டும் ஏற வேண்டும்.

என் போனைக் கம்ப்யூட்டரோடு கோத்தேன்.
பாதிக் கையெழுத்து போனதும்
இன்றைய டேட்டா தீர்ந்தது என்றது.
காலையில் இட்லி இறங்க என் மகன் பார்த்த
பூனையும் எலியும் தின்றது போக மிச்சம் அவ்வளவுதான்.
தவமணியின் போனில் ரீசார்ஜே இல்லை.
ஒச்சம்மாவிடம் இருப்பது பொத்தான் போன்.
அதையும் நீட்டினாள்,
"இதுல இருந்தா எடுத்துக்க தாயி."

அப்போதுதான் அவன் வந்தான்,
லைசென்சுக்கு ஒரு ஜெராக்ஸ் கேட்டு.
முழங்கைவரை செம்மண்.
வெளியே ரோட்டோரம்
கையை மடக்கி நின்றிருந்தது ஜேசிபி.

நான் பேசியதை எழுத மாட்டேன்.
ஒச்சம்மா பேசியதை எழுதவே முடியாது.

அவன் பதில் சொல்லவில்லை.
சட்டைப்பைப் போனின் பாலித்தீன் உறையைப் பிரித்து
எதையோ தொட்டான்.
"ஆன் பண்ணிட்டேன். பாருங்க."

பட்டியலில் பெயர்கள் எழுந்தன.
மருந்துக்கடை, பூட்டு.
எதிர்மாடி, பூட்டு.
எல்லாவற்றுக்கும் மேலே, கோடெல்லாம் நிறைந்து
'தள்ளி நில்.'
"வண்டி முதுகுல எழுதியிருக்கிறது,
போனுக்கும் இருக்கட்டுமேன்னு..."

பாஸ்வேர்டு?

இந்த முக்கில் பாதிப் பேருடையது எனக்குத் தெரியும்.
பிள்ளை பெயர், பைக் நம்பர்,
குலசாமிக்குப் பின்னால் ஒன்று இரண்டு மூன்று.
உரக்கத்தான் சொல்வார்கள்.
இவனுக்குக் காது சிவந்தது.
"நானே அடிக்கிறேன்."

நாற்காலியை விட்டு எழுந்தேன்.
ஏழெட்டு டன் இரும்பை
ஒற்றை லீவரில் ஆட்டுகிற விரல்
ஒவ்வொரு எழுத்தாய்த் தேடித் தேடிக் குத்தியது.
திரையில் கறுப்புப் புள்ளிகள், ஒன்பது.
பக்கத்தில் சின்னதாய் ஒரு கண்,
தொட்டால் புள்ளியெல்லாம் எழுத்தாகும்.
நாங்கள் எல்லோரும்
ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தவமணியின் கையெழுத்து ஊர்ந்து ஏறியது.
பிறகு ஒச்சம்மாவின் அப்பன்.
போன் சுட்டது.
சற்றுமுன் வைதவள்தான்
முந்தானையால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தாள்.
பிள்ளைக்குப் பெயர் மட்டும் போகவில்லை,
நெட் என்ன செய்யும்.

டேட்டாவுக்கு என்று ஐம்பது ரூபாய் நீட்டினேன்.
"வெட்டுனது நான்தானக்கா" என்றவன்
ஜெராக்ஸுக்கு இரண்டு ரூபாயை
மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் கீபோர்டைத் துடைக்கத் துணி எடுத்தேன்.
ஐந்து எழுத்தில் செம்மண்,
இரண்டு எண்ணில்.
சேர்த்துப் பார்த்தால் வந்துவிடும்.
கண்ணை இடுக்கிக்கொண்டு
ஒரே வீச்சில் துடைத்தேன்.
ஐந்தில் ஒன்று என் பெயரிலும் உண்டு.
ஏ எழுத்துதான்,
அது யார் பெயரில்தான் இல்லை.

மறுநாள் வயர் சரியாயிற்று.
குழி கருமாத்தூர்ப் பக்கம் நகர்ந்துவிட்டது.
அணைக்க மறப்பவனோ, அணைக்காதவனோ.
ரௌட்டர் கொஞ்சம் தடுமாறினால் போதும்,
ரோட்டில் அந்த வண்டியும் வந்தால் போதும்,
என்னைக் கேட்காமல் கம்ப்யூட்டர்
அந்தப் பக்கம் தாவுகிறது.

நேற்று நாலரைக்கு
யாரோ ஒருவரின் வாரிசுச் சான்றிதழ்
பாதியில் சுற்றிக்கொண்டு நின்றது.
திரையின் மூலையில் மெல்ல எழுந்தது:
தள்ளி நில், இணைந்தது.

எட்டிப் பார்த்தேன்.
வேகத்தடையில் ஏறி இறங்கி
மஞ்சள் முதுகு போய்க்கொண்டிருந்தது.
திரும்பி உட்கார்ந்தபோது
படிவம் போய்ச் சேர்ந்திருந்தது.